ஒயரும் வைஃபையும் சேர்ந்த வேகம்

மகளுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் வேலைக்கான இன்டர்வியூ. எங்கள் பெரம்பலூர் வீட்டு நெட்டை நம்பாமல், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கேட்டு அவருடைய வைஃபையையும் கம்ப்யூட்டரில் இணைத்தேன். எங்கள் நெட்டின் ஒயரையும் கழற்றவில்லை. குன்னத்து வயலில் வெங்காயத்துக்கு இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் ஒரே வாய்க்காலில் விடுகிற குடும்பம் எங்களுடையது. இரண்டும் சேர்ந்தால் வேகம் கூடும் என்பது என் விஞ்ஞானம்.

மகள் பேச ஆரம்பித்ததும் படம் உறைந்துவிட்டது. இன்டர்வியூ அவளுக்கா எனக்கா என்றே தெரியாத அளவுக்குப் பதற்றம். கொல்லை மதிலில் தொற்றி ஏறி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"ஏன் தம்பி, குடுக்குற மாதிரி குடுத்துட்டு ஆஃப் பண்ணிட்டியா? புள்ளையோட வாழ்க்கைய்யா!"

அவர் பதறி ஓடிவந்தார். "ஐயோ அண்ணே, ஓடிக்கிட்டுதாங்க இருக்கு. பாப்பாவுக்கு ஸ்பீடு வேணும்னு எங்க வூட்டு டிவியகூட நிறுத்திட்டு ஒக்காந்திருக்கோம்."

உள்ளேயிருந்து மகள் சீறினாள். "அப்பா, செத்துப்போனது நம்ம நெட்டு! ஒயர் சொருவியிருக்கறதால கம்ப்யூட்டர் அதையே புடிச்சுக்கிட்டுத் தொங்குது."

ஒயரைப் பிடுங்கினாள். உடனே படம் அசைந்தது. "சாரி சார்" என்று பேச்சைத் தொடர்ந்தாள்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். உள்ளே இன்டர்வியூ நடக்கிறது, சத்தம் போடக்கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதில்மேல் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"பாத்து எறங்குங்கண்ணே" என்று கிசுகிசுத்தார்.