கங்காணி வீட்டுக்கு அம்மா கொடுத்த நெருப்பு

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் "எல்லாரையும் மன்னித்த தெய்வம்" என்று ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்றான் தம்பி. மற்ற எல்லாரையும் அம்மா மன்னித்தார், உண்மைதான். ஒருவனை மட்டும் மன்னிக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் அம்மா படத்திலிருந்து இறங்கி வந்து என் காதைத் திருகுவார்.

அம்மா பிறந்தது தாப்பா அடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகி ரிங்லெட்டுக்கு மேலே மலையிலிருந்த தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். குளிருக்குப் போர்த்திக்கொள்ள மாமியார் கொடுத்த கோணிச் சாக்குதான் தனக்குக் கிடைத்த பட்டுச்சேலை என்று சொல்லிச் சிரிப்பார். கொழுந்து எடுப்பதில் கை வேகம், வாய் அதைவிட வேகம். தோட்டத்து ஆள்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாருக்குப் பிள்ளைவலி வந்தாலும் கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்பார்.

ஜப்பான்காரன் வந்தான், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடினார். தேயிலையை வாங்க ஆளில்லை, அரிசி கண்ணில் படவில்லை. லயத்துப் பக்கத்துச் சரிவில் எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து மரவள்ளியும் சக்கரவள்ளியும் கேழ்வரகும் போட்டார்கள். அதுதான் மொத்தப் பேருக்கும் சோறு. அதற்குக் கீழே ஆளுயரத்துக்கு லாலாங் புல் காய்ந்து நின்றது.

புல்லைக் கொளுத்த ஒரு முறை உண்டு. தீ தாண்டாதபடி ஓரத்தை வெட்டி வெறும் மண்ணாக்க வேண்டும். தகரத்தைத் தட்டி லயம் லயமாகச் சொல்ல வேண்டும். காற்று அடங்கிய பிறகு மேலிருந்து கீழாகக் கொளுத்த வேண்டும். தோட்டத்தில் இது தெரியாதவர் இல்லை. ஆள்களை வேலை வாங்கிய கங்காணிக்கும் தெரியும். அவன் பெயரை இங்கே போட மாட்டேன், அதுவும் ஒரு மரியாதை. 'அவன்' என்று எழுதுவதையும் பெரியோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பட்டாளத்துக்குக் காய்கறி போட நிலம் வேண்டும் என்று ஜப்பான்காரன் கேட்டிருந்தான். நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில் கங்காணி உச்சி வெயிலில், கீழேயிருந்து, தகரமும் தட்டாமல் புல்லைக் கொளுத்த வந்தான். மரவள்ளியில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து தடுத்தார்.

"வேணாங்க கங்காணி. காத்து மேல ஏறுதுலா. மேல எங்க கெழங்கு நிக்குது."

"சாயங்காலம் ஜப்பான்காரன் வந்து பாப்பான். அதுக்குள்ள நெலம் சுத்தமா இருக்கணும். நீ போய் ஒன் வேலையப் பாரு."

கொளுத்தினான். தீ சரிவில் ஏறிப் போய்விட்டது. அப்பாவும் மற்ற ஆண்களும் நனைத்த சாக்குகளால் அடித்துப் பார்த்தார்கள். அப்பாவின் இரண்டு கையும் வெந்து, பிறகு சாகும்வரை விரல் மடங்கவில்லை. மரவள்ளி போயிற்று, கேழ்வரகு போயிற்று, கடைசி லயத்தின் கூரையும் போயிற்று. சாயங்காலம் ஜப்பான்காரன் வந்து நிலத்தைப் பார்த்துக் கங்காணியின் தோளில் தட்டினானாம்.

அந்தச் சாம்பல் மண்ணில் பட்டாளத்துக்குக் கோஸும் முள்ளங்கியும் செழித்து வளர்ந்தன. லயத்தில் பசி. எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அக்காவுக்குக் கைகால் வீங்கியபோது, வயிற்றில் என்னைச் சுமந்துகொண்டு அம்மா கங்காணியிடம் போனார்.

"ரெண்டு முள்ளங்கி குடுங்க. பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணிக்குக்கூட வழி இல்ல."

"பட்டாளத்துச் சொத்து. தொட்டா என் தலை போயிடும்."

அவன் தலை இருந்தது. அக்கா போய்விட்டாள்.

அந்தக் காலத்தில் தீப்பெட்டி தங்கம் மாதிரி. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் பழைய பால் டின்னை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டில் தணல் வாங்கி வருவார்கள். பகையாளி கேட்டாலும் நெருப்பு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது லயத்து வழக்கம். கங்காணிக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை, பட்டாளம் தீப்பெட்டி கொடுத்தது. பிறகு ஜப்பான்காரன் தோற்றுப் போனான், தீப்பெட்டியும் அவனோடு போயிற்று. அடைமழையில் அடுப்பு அணைந்து, கங்காணி பெண்டாட்டி பால் டின்னோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நெருப்பா? அதான் மலை முழுக்கக் குடுத்தீங்களே, போதாதா?" என்றார் அம்மா.

அதைக் கேட்ட பிறகு எந்த வீட்டிலும் அவர்களுக்குத் தணல் கிடைக்கவில்லை. பட்டாளமிருந்தவரை வாய் திறக்காத லயம் அன்று ஒன்றாக நின்றது. ஈர விறகும் பச்சைக் கிழங்குமாகக் கிடந்தது அந்த வீடு. கங்காணி காய்ச்சலில் படுத்தான், குளிரிலேயே செத்தான்.

கொள்ளிச்சட்டிக்கு நெருப்பில்லை. அவன் மகன் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தலை குனிந்து நின்றான். லயமே வெளியே வந்து அம்மாவைப் பார்த்தது. அம்மா உள்ளே போய், அடுப்பிலிருந்த தணலை எல்லாம் அள்ளி அவன் சட்டியை நிரப்பினார்.

"அடுப்புக்குக் கேட்டா குடுக்க மாட்டேன். இது ஒங்கப்பன் எரியறதுக்கு. நல்லா எரியட்டும், கொண்டு போ."

இதைச் சொல்லும்போது தொண்ணூறு வயதிலும் அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். காஸ் அடுப்பு வந்த பிறகும் இடுப்பில் ஒரு தீப்பெட்டி செருகியிருப்பார்.

கம்போங் ராஜாவில் என் வீட்டில்தான் அம்மாவின் கடைசி நாள்கள் கழிந்தன. அப்போதுதான் சட்டி தூக்கிய அந்த மகன் காலமாகி, அவருடைய நினைவு மலர் எங்களுக்கும் வந்தது. "ஜப்பான் காலத்தில் தோட்ட மக்களைப் பட்டினியிலிருந்து காத்த கங்காணியின் புதல்வர்" என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். நான் வாசித்தேன். அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னார்.

"அச்சுல போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்கம்மா."

"அப்ப நான் போனதும் நீயும் அச்சுல போடு."

போட்டுவிட்டேன் அம்மா. அக்காவுக்குப் படம் கிடையாது, கல்லறையும் கிடையாது. இந்தப் பக்கம்தான் அவளுக்கு.

அம்மாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டிய என் மருமகளுக்கும், மழையில் பாடை சுமந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், காரியம் முடியும்வரை சோறாக்கிப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரில் ஒன்றை நானே கோலா தெர்லாவுக்குக் கொண்டுபோய்க் கங்காணியின் பேரன் கையில் கொடுப்பேன். காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார், நல்ல பிள்ளை, என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனாலும் கொடுப்பேன். அன்று அம்மா சட்டியில் அள்ளிப் போட்டதற்குப் பிறகு, எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் நெருப்பு இதுதான்.