மருதாணி வைத்த பாலசேசு

என் ஆயுசில் ஒரே ஒரு நாள் நான் பாலசேசுவாக, அதாவது குழந்தை இயேசுவாக, இருந்திருக்கிறேன். முழு நாள்கூட இல்லை, ஒரு பகல் பொழுது. சொன்னால் சிரிப்பார்களே என்று இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சிரிக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை.

அப்போது ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். நைனா ஹார்பரில் சரக்கு இறக்குகிறவர். ஒரு நாள் சங்கிலி நழுவி மரப்பெட்டி அவர் கால்மேல் விழுந்துவிட்டது. அதிலிருந்து பாயோடு படுத்துவிட்டார். அம்மா வெங்காய மண்டிக்கு வேலைக்குப் போனாள். எங்கள் பேர் சபை நோட்டில் ஏறியது.

சபை என்றால் கோயில் ஆம்பிளைகள் சேர்ந்து ஏழைகளுக்கு உதவி செய்கிற சபை. எங்கள் கோயிலுக்கு ஒன்று, தண்டையார்பேட்டைக்கு ஒன்று என்று கோயிலுக்குக் கோயில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மேல்சபை உண்டு. எங்கள் சபைக்குத் தலைவர் தெற்கேயிருந்து வந்து இரும்புக்கடை வைத்தவர். நல்ல மனுஷர், கனத்த உடம்பு. செயலாளர் ஓர் ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சபைக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள். இரண்டு பேராகத்தான் வரவேண்டும், தனியாக வரக்கூடாது என்பது சட்டம். உட்கார்ந்து, உடம்பு எப்படி, பிள்ளைகள் ஜெபம் சொல்கிறதா என்று விசாரித்துவிட்டு அரிசிச் சீட்டு கொடுப்பார்கள். செயலாளர் கேட்பதெல்லாம் நோட்டைப் பார்த்துக் கேட்பார், பதிலையும் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். எங்கள் முகத்தை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தாரா என்பது சந்தேகம்.

மார்ச் மாதம், சேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பரின் திருநாளுக்குச் சபையில் ஒரு விருந்து நடக்கும். நோட்டில் இருப்பவர்களில் ஒரு கிழவர், ஒரு பெண்பிள்ளை, ஒரு சின்னப் பையன் என்று மூன்று பேரை எடுப்பார்கள். அவர்கள்தான் அன்றைக்குச் சூசையப்பர், தேவமாதா, பாலசேசு. சபைத் தலைவர் அவர்கள் காலைக் கழுவி, இலை போட்டு, தன் கையால் பரிமாறுவார். அவர்கள் மூவரும் முதல் வாய் எடுத்த பிறகுதான் மற்ற ஏழைகள் இலையில் கை வைக்கலாம். மூவருக்கும் புதுத்துணி உண்டு. வீட்டுக்கு ஒரு தூக்குச் சாப்பாடும் உண்டு.

அந்த வருஷம் பாலசேசுவுக்கு என் தம்பியை எடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளரே ஒரு நூலைக் கொண்டுவந்து அவன் தோளையும் இடுப்பையும் அளந்துகொண்டு போனார். தலைவர் வீட்டம்மாதான் சட்டை தைக்கிறார்களாம். அம்மா சந்து முழுக்கச் சொல்லிவிட்டாள். “எம் புள்ள பாலசேசு, தெரியுமா?” என்று வெங்காய மண்டியிலும் சொன்னாளாம்.

திருநாளன்று காலையில் பாலசேசு எழுந்திருக்கவில்லை. இரண்டு கன்னமும் காதுக்குக் கீழே பன் மாதிரி உப்பியிருந்தது. பொன்னுக்கு வீங்கி.

“போச்சு” என்று நைனா பாயிலிருந்தபடியே சொன்னார். “வர முடியலன்னு சொல்லி அனுப்பிடு.”

“சொன்னா வேற வூட்டுப் புள்ளைய குந்த வெச்சிருவாங்க. துணியும் போவும், சோறும் போவும்” என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு ஏழு வயசு, தம்பிக்கு ஆறு. உயரம் ஒன்றுதான். மாசி மாதம் தலையில் புண் வந்து அம்மா எனக்கு மொட்டை அடித்திருந்தாள். ஒரு விரற்கடை மயிர்தான் வளர்ந்திருந்தது. தம்பியின் நிஜாரை எனக்கு மாட்டி, சட்டையைப் போட்டு, தள்ளி நின்று பார்த்தாள். “அச்சு அசல் அவனே” என்றாள். நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு கோளாறு மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் அக்காமார்கள் மிச்ச மருதாணியை என் கால் விரல்களுக்குத் தொப்பி மாதிரி வைத்திருந்தார்கள். நல்ல சிவப்பு. அம்மா செங்கல் தூள் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் சிவந்தது.

“புழுதில கால இழுத்து இழுத்து நடந்து வா, மறைஞ்சிடும்” என்றாள். “அங்க வாயத் தொறக்காத. பொட்டப் புள்ளைன்னு தெரிஞ்சா நோட்டுல நம்ம பேர்மேல கோடு போட்டுருவாங்க. அப்பறம் சீட்டும் இல்ல, அரிசியும் இல்ல.”

அவள் மிரட்டவில்லை. எதிர்வீட்டுப் பெண்பிள்ளை அரிசிச் சீட்டை வேறு யாருக்கோ விற்றாள் என்று செயலாளர் கோடு போட்டது எங்கள் கண்ணெதிரே நடந்ததுதான். நான் கிழங்கு மாவு மாதிரி கால் வெளுக்கும்வரை புழுதியில் நடந்தேன். காலைக் கழுவத்தான் அங்கே கூப்பிடுகிறார்கள் என்பது அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கோயில் பள்ளிக்கூட ஹாலில் மூன்று நாற்காலி போட்டிருந்தது. நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். சுவர் ஓரமாக வரிசை வரிசையாக இலை. இலைக்குப் பின்னால் ஏழைகள், அத்தனை பேரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. சாம்பார் வாசனை வந்தது. எனக்கு அழுகை வந்தது.

சூசையப்பராக உட்கார்ந்திருந்தவர் எங்கள் சந்துக் கோடியில் குடியிருந்த கட்டுமரக்காரத் தாத்தா. அவர் என் பக்கம் சாய்ந்து, “ஏய், நீ அவன் அக்காதான?” என்றார். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். “பேசாம குந்து. நான் மட்டும் இன்னா தச்சனா?” என்று சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்.

கோயில் பாதிரியாரான சுவாமி ஜெபம் சொல்லி முடித்தார். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாத்தாவின் முன்னால் முட்டிபோட்டு, காலைக் கழுவித் துடைத்தார். எழுந்திருக்கப் பார்த்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. “சேசுவே!” என்று ஒரு சத்தம். என்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று நான் பயந்துவிட்டேன். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அவரை ஓரமாக உட்காரவைத்தார்கள்.

தேவமாதாவின் காலைக் கழுவுவதற்கென்று தலைவர் வீட்டம்மா செம்போடு நின்றிருந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் சபையில் சேர முடியாது. விருந்துக்கு அடுப்பு மூட்டியது, துணி தைத்தது, யாரைக் கூப்பிடுவது என்று எடுத்துக் கொடுத்தது எல்லாம் அவர்கள்தான். கூட்டம் நடக்கும்போது மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பார்களாம். தலைவர் ஏதாவது மறந்துவிட்டால் கதவைப் பார்த்துக் கேட்பாராம். அன்றைக்கு வேறு வழியில்லாமல் அவர்களே என் முன்னாலும் வந்து முட்டிபோட்டார்கள்.

தண்ணீர் விழுந்தது. புழுதி போனது. பத்து விரலும் பளிச்சென்று சிவப்பாக வெளியே வந்தது.

அவர்கள் கை நின்றது. என் காலைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் செயலாளர் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் வந்து நின்றார். “மேல்சபைக்கு எழுதணும். தம்பி, உன் பேரைச் சொல்லு.”

தம்பி பேரைச் சொன்னால் அது பொய். ஞானோபதேச வகுப்பில் பொய் பாவம் என்று சொல்லியிருந்தார்கள். அதிலும் பாலசேசு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பொய்க்கு எவ்வளவு பெரிய நரகம் கிடைக்குமோ! உண்மையைச் சொன்னால் நோட்டில் கோடு.

தலைவர் வீட்டம்மா துண்டை விரித்து என் இரண்டு காலையும் சேர்த்துப் பொத்தினார்கள். “பிள்ளைக்குப் பசிக்கி போல. பேரு எங்கயும் ஓடிராது, அண்ணாச்சி. முதல்ல சோத்தப் போடச் சொல்லுங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்கல்லா.”

செயலாளர் போய்விட்டார். அந்தம்மா துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “தம்பிக்கு என்னளா?” என்று கேட்டார்கள்.

“பொன்னுக்கு வீங்கி” என்றேன். அன்றைக்கு நான் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

“வேப்பிலை அரைச்சுப் போடச் சொல்லு” என்றார்கள். செம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

சோறு, சாம்பார், வடை, அப்பளம், பாயசம். நான் முதல் வாய் எடுத்ததும் ஹால் முழுக்க இலைச் சத்தம் கேட்டது. தாத்தா தன் வடையை என் இலையில் வைத்து, “சாப்டு, பாலசேசு, நீ பெரிய ஆளு” என்றார். தூக்கில் போட்டுக் கொடுத்த சோற்றை அன்று சாயங்காலம் அம்மா தம்பிக்குக் குழையப் பிசைந்து ஊட்டினாள். புதுச் சட்டையை அவன் இரண்டு வருஷம் போட்டான். நோட்டில் எங்கள் பேர்மேல் கோடு விழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்காரர்கள் அரிசிச் சீட்டோடு ஒரு பச்சைச் சீட்டிப் பாவாடையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். யார் அனுப்பியது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அது எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

ஆனால் எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது பந்தி முடிந்த பிறகு நடந்ததுதான். செயலாளர் மறுபடியும் நோட்டோடு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைவர் வீட்டம்மாவின் குரல் என் தம்பியின் பேரைச் சொன்னது. செயலாளர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். பிறகு சுவாமிக்கு முன்னால் நின்று, மேல்சபைக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைக் கணீரென்று வாசித்தார்.

“நம் தலைவர் அவர்கள் மூவருடைய பாதங்களையும் தம் திருக்கரத்தால் கழுவி, தாமே அமுது பரிமாறினார்.” அடுத்து பாலசேசுவாக அமர்ந்தவன் என்று தம்பியின் பேரை, தகப்பன் பேரோடு வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு தலைவர் கும்பிட்டார்.

நான் கதவைப் பார்த்தேன். கதவிடுக்கில் தலைவர் வீட்டம்மா, கரி படிந்த கையோடு நின்றிருந்தார்கள். என் காலைப் பார்த்தார்கள். தங்கள் கையைப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வாயில் பாயசம் ஒட்டியிருக்கிறது போல என்று நினைத்து, புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.