தவளை வீட்டுக்குப் போன ஆலமரம்

போன வாரம் ஒரு தவளைக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே...

என் பெண் உமாவின் கணவர் பிரதீப், வங்காளி. பேங்கில் ஆபீசர். பாலிகஞ்சில் ஃப்ளாட். தங்கமான மனுஷர். ஆனால் எனக்கு அவர் எதிரில் பேச்சே வராது. 'மா' என்று கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவேன்.

எங்கள் டாலிகஞ்ச் வீட்டு மாடிச் சுவர் வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றைத் தட்டில் வைத்து, நறுக்கி நறுக்கி, சாண் உயர போன்சாயாக வளர்த்திருக்கிறேன். விழுதுகூட விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்த மாப்பிள்ளை அதையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"மா, எட்டா ப்யாங்கேர் கொரே ராக்போ?"

பேங்க் அறையில் வைக்கிறாராம். தலையாட்டினேன். நாளைக்கு டிரைவரை அனுப்புகிறேன் என்றார். நாலு பெரிய மனிதர் வந்துபோகும் இடம்... மாவுப்பூச்சி இருந்தால் மானம் போகாதா? இலை சொட்டச் சொட்டப் பூச்சிமருந்து அடித்துக் கொடுத்தனுப்பினேன்.

புதன்கிழமை ஆபீசிலிருந்து உமா போன் செய்தாள். "அம்மா, இவர் லீவு போட்டுட்டு உன் மரத்தைத் தவளைப் பெட்டியில நட்டுக்கிட்டு இருக்காரு!"

"பேங்க்குன்னுதானே கேட்டாரு?"

"பேங்க் இல்லம்மா, ப்யாங்! தவளை! கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாசி, செடியெல்லாம் வெச்சு, கட்டைவிரல் அளவு நீலத் தவளை வளர்க்கிறாரே... பாய்சன் டார்ட்னு விஷத் தவளை ஜாதி. பயப்படாதே, பெட்டியில வளர்ந்ததுக்கு விஷம் கிடையாது."

தவளைக்கு இல்லை. என் மரத்துக்கு இருக்கிறதே!

"அடியே, அதுல பூச்சிமருந்து அடிச்சிருக்கேன்டீ!"

"ஐயோ! அதுங்க தோலாலயே தண்ணி குடிக்கும்மா. பட்டாலே போச்சு!"

அவர் வீட்டுக்கு அடித்தால் எங்கேஜ்ட். மாப்பிள்ளை இன்டர்நெட்டைப் போட்டுவிட்டால் போன் லைன் கிடைக்கவே கிடைக்காது.

தனியாக டாக்சி ஏறியே அறியாதவள், ஓடிப்போய்க் கை காட்டினேன். அன்றைக்கென்று சிக்னலுக்குச் சிக்னல் சிவப்பு. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது — இந்த முழங்காலை வைத்துக்கொண்டு!

கதவைத் திறந்த மாப்பிள்ளையின் கையெல்லாம் மண். அவருக்குப் பின்னால் மேஜையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே என் ஆலமரம். அதை நோக்கி... ஒரு நீலத் தவளை.

"பிஷ்! பிஷ்!" என்று கத்தினேன்.

வங்காள மொழியில் விஷமும் பிஷ், இருபதும் பிஷ். டாக்சிக்கு இருபது ரூபாய் கேட்கிறேன் என்று நினைத்து, மனுஷர் பர்ஸை எடுக்கிறார்!

"தள்ளுங்க மாப்பிள்ளை!"

சொன்னதோடு விட்டேனா? முழங்கையால் ஓர் இடி இடித்து, பெட்டிக்குள் கையை விட்டு மரத்தைப் பிடுங்கினேன். தவளை ஒரு விரல் தூரத்தில். மருந்தடிப்பதுபோல் 'புஸ் புஸ்' என்று செய்து காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. தவளையை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, மரம் இருந்த இடத்து மண்ணையெல்லாம் வாரிக் கொட்டினார்.

இரண்டு பேரும் டப்பாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதன் தொண்டை துடிக்கிறதா, இல்லையா? சாயங்காலம் ஒரு குட்டி ஈயை லபக்கென்று விழுங்கியது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

உமா வந்ததும், "அம்மா, இவரை இடிச்சுத் தள்ளினியாமே?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே, "மா கொதா போலேன்!" என்றார். மா பேசுகிறாராம்!

ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். வெட்கமும் இல்லை போலிருக்கிறது!