வியாழக்கிழமைக் குழிகள்

ஒசாகாவின் கிழக்கே, இகுஷிமா பட்டறையில் தெளிப்புத் துப்பாக்கி ஸுமியேவின் கைக்கு வந்து இருபத்தாறு வருஷம். கார் கதவுப் பூட்டுகளின் உள்பாகங்களுக்கு அவள் அடிப்பது எண்ணெயும் இல்லை, கிரீஸும் இல்லை. கையில் ஒட்டாத, தலைமுடியைவிட மெல்லிய கறுப்புப் பூச்சு. அடுப்பில் வெந்து வந்த பிறகு அதன்மேல் உட்காரும் ஈ, வழுக்கி விழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்க்குமாம்.

ஒரு மாதமாக, வியாழக்கிழமை அடித்த உருப்படித் தட்டுகளில் மட்டும் பூச்சு விலகி, மீன்கண் போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன.

"ஒனக்குக் கண்ணு போச்சு, ஸுமியே-சான்," என்றார் மேஸ்திரி கதோவாகி. "அடுத்த வியாழனும் இப்படின்னா, துப்பாக்கிய வெச்சுட்டு அட்டைப்பெட்டி ஒட்டப் போயிடு."

"போன கண்ணு வெள்ளிக்கிழமை மட்டும் எப்படிங்க திரும்பி வருது?"

வியாழக்கிழமை மட்டும் ஏன் என்பதுதான் அவளை அரித்தது. கழுவும் மருந்தை முகர்ந்தாள். காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தாள். பிசுக்கு இருந்தால் பூச்சு பிடிக்காது என்பதால், கழுவிய உருப்படியை அங்கே யாரும் வெறுங்கையால் தொடுவதே இல்லை.

வியாழன் வந்தது, முதலாளியும் வந்தார். ஒரு மாதமாக வியாழன்தோறும் மாலையில் அவருக்குப் பாட்டுக் குழு. அதற்காகக் காலையிலேயே தலைக்கு அரை டப்பா பளபளப்பு ஸ்ப்ரே. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, சிரமத்துக்கு நன்றி என்று இடுப்பு மடிய வணங்குவது அவர் வழக்கம். ஸுமியே முன் குனியப் போனவரின் தலை, கழுவி வைத்த தட்டுக்கு நேர் மேலே வந்தது. வாசனை குப்பென்று அடித்தது.

அவள் சட்டென்று ஒரு தட்டை மூடித் தள்ளி வைத்தாள்.

"மொதலாளி, இன்னிக்கு இந்தத் தட்டுக்கும் ஒரு நன்றி சொல்லுங்களேன்."

"தட்டுக்கா?"

"அதுவும் ஒழைக்குதுல்ல!"

சிரித்துக்கொண்டே மூன்று முறை குனிந்தார்.

அடுப்பிலிருந்து வந்தபோது வணக்கம் வாங்கிய தட்டில் அம்மைத் தழும்பு. மூடிய தட்டு மொழுமொழுவென்று இருந்தது. மேஸ்திரி இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலாளி தலையைத் தடவி, விரலில் ஒட்டிய பிசுக்கை முகர்ந்து பார்த்தார்.

"அப்ப நான் நன்றியே சொல்லக் கூடாதா?"

"தாராளமா சொல்லுங்க. தள்ளி நின்னு சொல்லுங்க."

அடுத்த வியாழன் அவர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றார். பழக்க தோஷம், இடுப்பு மடியக் குனிந்ததில் நெற்றி 'டங்'கென்று மோதியது. ஸுமியே துப்பாக்கியை நிறுத்தாமலே பதிலுக்குத் தலை தாழ்த்தினாள். குழியில்லாமல் வந்த தட்டை எடுத்துக்கொண்டு, மேஸ்திரி தாமாகவே அடுத்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.