அட்டமியில் ஏறிய ஆறு

பாம்பன் தீவில் ஆரோக்கியமணியின் சமையலறையைக் கடல் ஒரு வருஷமும், கூடத்தை அடுத்த வருஷமும் எடுத்துக்கொண்டது. மிச்சத்துக்கு வருவதற்குள் மகன் பெனிஸ்டன் அவளைப் புனேவுக்குக் கூட்டிவந்துவிட்டான். தையல் மெஷின்காரிக்குத் தரைத்தளம்தான் வேண்டும். பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க யாரும் மாடியேறி வரமாட்டார்கள். புனேயின் ஓரத்தில் சாங்வியில் வாடகை குறைவாகக் கிடைத்தது. பின்னால் ஆறு ஓடுவதை வீட்டுக்காரர் பத்ரிநாத் சொல்லவில்லை. காற்று நன்றாக வரும் என்றார். அது பொய்யுமில்லை.

போன ஜூலையில், அணையைத் திறக்கிறார்கள் என்று ஒலிபெருக்கி மராத்தியில் கத்திக்கொண்டு போனது. ஆரோக்கியமணி காலண்டரைப் பார்த்தாள். அட்டமி. தீவில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் கடல் பொங்கும்; அட்டமி, நவமியில் அடங்கிக் கிடக்கும். தப்பித்தவறி ஏறினாலும் ஆறு மணி நேரத்தில் வற்றிவிடும். மூட்டை கட்டிய எதிர்வீட்டாரைப் பார்த்து, பாவம், தண்ணீரே பழகாத ஜனங்கள் என்று இரக்கப்பட்டாள்.

ஆறு காலண்டர் பார்ப்பதில்லை. மதியத்துக்குள் முழங்காலளவு வந்து மெஷின் மோட்டாரை முழுங்கிற்று. மாடிப்படியில் உட்கார்ந்து ஆறு மணி நேரத்தை எண்ணினாள். வற்ற இரண்டு நாளாயிற்று.

பெனிஸ்டன் பாணேரில் நாலாவது மாடியில் வீடு பார்த்துவிட்டு வந்தான். மெஷினை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கச் சொன்னான்.

"கடலுக்கு ஒரு தடவை எந்திரிச்சு வந்தாச்சுடா. இப்ப ஆத்துக்குமா?"

"அடுத்த வெள்ளத்துக்கும் நாள் பாப்பீங்களாம்மா?"

அவள் எதிர்வீட்டில் கேட்டு, அணையிலிருந்து எத்தனை ஆயிரம் கன அடி விட்டால் எத்தனையாவது படி நனையும் என்று சுவரில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டாள். மோட்டாரைக் கழற்றிப் போட்டுக் காலால் மிதித்துத் தைப்பதற்குத் திரும்பினாள். முதல்மாடி உத்தரத்தில் மெஷினைத் தூக்க ஒரு கப்பி மாட்டினாள். கட்டடம் கெட்டுவிடும் என்று பத்ரிநாத் முனகியதற்கு, காற்று நன்றாக வருகிறது என்று ஹிந்தியில் பாராட்டினாள்.

ஆகஸ்டில் மறுபடி ஒலிபெருக்கி. காலண்டர் சுவரோடு கிடந்தது. தீவில் கடற்பாசி மூட்டை இழுத்துப் பழகிய கைகள் கயிற்றைப் பிடித்தன. எதிர்வீட்டுப் பெண் மெஷினைக் கீழிருந்து தாங்கிக்கொடுத்தாள்.

வேலையிலிருந்து ஓடிவந்த பெனிஸ்டன், இடுப்பளவுத் தண்ணீரில் வீட்டுக்குள் தேடினான். மேலே கடகடவென்று சத்தம். முதல்மாடி நடையில் அம்மா தைத்துக்கொண்டிருந்தாள்.

"படகு வந்துச்சுடா, ஏறச் சொன்னாங்க. நாலு சட்டைக்குப் பித்தான் பாக்கி, அப்புறம் வாங்கன்னுட்டேன்."

அவன் ஈரக்காலோடு படியில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்தான்.