அலறிக்கொண்டே ஜெபிக்கிறவர்கள்

மகள் போன பிறகு என்னால் கார் ஓட்ட முடியவில்லை. சாவியை எடுப்பேன், மறுபடியும் ஆணியிலேயே மாட்டிவிடுவேன். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளில், ஜோகூரின் மாசாயில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஒருவர் கதவைத் தட்டினார். கிழக்கு மலேசியாவின் சபாவிலிருந்து வந்தவர். பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் வெல்டர். அதுவரை பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். இனிமேல் தன்னோடு வரலாம் என்று மலாயில் சொன்னார். எனக்கு மறுக்கவும் தெம்பில்லை.

அவருடைய காரில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். சாவியைத் திருப்பியதும் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன். தகரக் கூரையில் பெருமழை கொட்டுவதுபோல் டிரம்ஸ். அதன்மேல் மரம் அறுக்கும் இரைச்சலோடு கிட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஓர் ஆள் அலறிக்கொண்டிருந்தான். அதைப் பாடுவது என்று சொல்ல முடியாது. அவர் வெட்கப்பட்டு அணைக்கப் போனார். இருக்கட்டும் என்றேன். தொழிற்சாலை வாசலில் கார் நின்றபோதுதான் என் சட்டைக் காலர் நனைந்திருப்பது தெரிந்தது. மகளின் அடக்கத்தில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்கவில்லை.

நான் ஆலயத்தில் பாடல் நடத்திவந்தவன். பிறந்தது பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில், மாரியம்மன் கோவிலுக்குத் தீமிதி வரை போன குடும்பத்தில். இருபது வயதுக்கு மேல்தான் கிறிஸ்துவிடம் வந்தேன். வீட்டில் அம்மா சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சமாதானமானார். ஆலயத்திலேயே கிட்டார் கற்றுக்கொண்டேன், ஆலயத்திலேயே மனைவியைச் சந்தித்தேன். அவள் பிறவிக் கிறிஸ்தவள். எங்கள் மகள் தடிகாவில், பாலர் பள்ளியில், படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் பாடும்போது முன்வரிசையில் நின்று தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் சலங்கைத் தட்டை ஆட்டுவாள். ஆமென் என்று சொல்ல வராது. ஆமேங் என்பாள். சபை முழுதும் சிரிக்கும்.

டிங்கிக் காய்ச்சல். சில நாள் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. ஒரு ஞாயிறு காலை சட்டென்று இறங்கிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போனோம். நான் மேடையேறிச் சாட்சி சொன்னேன், கர்த்தர் தொட்டுவிட்டார் என்று. எல்லாரும் கைதட்டினார்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பிற்பகலில் அவள் கையும் காலும் ஐஸாய்க் குளிர்ந்தன. மனைவி அவளை மடியில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார, நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். சபையார் உபவாசம் இருந்தார்கள். பிள்ளை எழுந்து உட்காருவதைத் தரிசனத்தில் கண்டதாக ஒரு அக்கா போனில் சொன்னார்.

பிள்ளை எழுந்து உட்காரவில்லை. டாக்டர் வந்து சொன்னபோது மனைவி கத்திய கத்து அந்த மாடி முழுக்கக் கேட்டது. தாதியர் இரண்டு பேர் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். என் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை.

அடக்கத்துக்கு அம்மா தோட்டத்துப் பெண்களோடு வேனில் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் தலைமுடியை அவிழ்த்துப்போட்டுத் தரையில் உட்கார்ந்தார். மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். சிவப்புச் சப்பாத்தை இனி யார் போடுவார், பள்ளிப் பையை யார் தூக்குவார் என்று ராகம் இழுத்தார். சபையில் ஒரு சிஸ்டர் குனிந்து அவர் தோளைப் பிடித்தார். நாங்கள் நம்பிக்கை இல்லாதவர்களைப்போல அழுவதில்லை, பாப்பா இயேசுவிடம்தான் போயிருக்கிறது என்று அன்பாகத்தான் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு சபை எழுந்து நின்று கைதட்டிப் பாடியது. பரலோகத்தைப் பற்றி வேகமான, சந்தோஷமான பாட்டு.

வேனில் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"அழவும் கூடாதாய்யா உங்க சாமிக்கு?"

நான் வேன் கதவை இழுத்துச் சாத்தினேன்.

சபாக்காரர் தினமும் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அந்தப் பாட்டு பிளாக் மெட்டல் வகை என்று சொன்னார். அந்த வகைப் பாட்டுக்காரர்களில் பலர் கடவுளைத் திட்டுகிறவர்கள், சிலுவையைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறவர்கள். இங்கே அந்தக் கறுப்புச் சட்டைப் பையன்களைக் கண்டால் வாத்தியாருக்கும் பிடிக்காது, போலீசுக்கும் பிடிக்காது. ஆனால் அதே சத்தத்தை எடுத்துக்கொண்டு கடவுளைப் பார்த்து அலறுகிற சில குழுக்களும் உலகத்தில் உண்டு. மெட்டல்காரர்கள் அவர்களைப் போலி என்பார்கள், சபையார் சாத்தான் என்பார்கள். இரண்டு பக்கமும் இடமில்லாத பாட்டு. சபாக்காரர் மலைக் கிராமத்தில் கத்தோலிக்கராக வளர்ந்தவர். வாலிபத்திலிருந்தே இதைத்தான் கேட்கிறார்.

பாட்டின் வார்த்தைகளை எனக்குக் கைப்பேசியில் அனுப்பிவைத்தார். இடைவேளையில் பாய்லருக்குப் பின்னால் நின்று படித்தேன். ஒரு பாட்டு முழுவதும் ஓர் ஆள் கடவுளை எங்கே போனீர் என்று கேட்கிறான். இருட்டில் கேட்கிறான், பனியில் கேட்கிறான், கல்லறையில் நின்று கேட்கிறான். பாட்டு முடிந்துவிடுகிறது. பதில் வரவில்லை. நாங்கள் சபையில் பாடும் பாட்டுகளில் முதல் அடியில் துக்கம் இருந்தால் மூன்றாம் அடியில் அது ஆனந்தமாகிவிட வேண்டும். இவன் அப்படி எதையும் ஆக்கவில்லை. ஆனால் கேட்டது கடவுளிடம்தான், வேறு யாரிடமும் இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான். பதில் இல்லாமலேயே ஒருவன் ஜெபத்தை முடிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

இவ்வளவு கோபமாகக் கடவுளிடம் பேசலாமா என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"மாரா புன் டோவா ஜுகா, பாங்."

கோபமும் ஜெபந்தான் அண்ணே என்று அர்த்தம்.

ஞாயிறுதோறும் நான் இன்னும் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். விரல் கிட்டாரில் ஓடும், வாய் அசையும். பாட்டின் நடுவில் முன்வரிசையைப் பார்க்கக் கூடாது என்று பின்சுவர் விசிறியையே பார்த்துக்கொண்டு பாடுவேன். என் முகத்தில் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் தெரிகிறது என்று ஒருவர் கைகுலுக்கினார்.

அப்படி ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபாக்காரர் என்னை ஜோகூர் பாருவுக்கு அழைத்துப்போனார். ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. ஜன்னலுக்கு மெத்தை அடித்து மூடிய அறையில் மெட்டல் கச்சேரி. வெளியே பிற்பகல் வெயில், உள்ளே வியர்வையும் சிகரெட் வாடையும். மூன்றாவதாக வாசித்தவர்கள் சரவாக்கின் கூச்சிங்கிலிருந்து வந்த மூவர். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசியிருந்தார்கள். பாடகனின் கழுத்தில் சிலுவை நேராகத் தொங்கியது. அதைப் பார்த்துச் சில பையன்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப்பேர் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. காலியான இடத்தைப் பார்த்து அலறினான். கடைசிப் பாட்டில் முழங்காலில் விழுந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினான். துஹான், துஹான் என்று. ஆண்டவரே என்று.

என்னை அறியாமல் நானும் கத்தினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால்தான் கத்த முடிந்தது என்று நினைக்கிறேன். டிரம்ஸின் அடி ஒவ்வொன்றும் என் நெஞ்சில் வந்து விழுந்தது. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் தரையில் உட்கார்ந்து செய்ததும் இதைத்தான். அவரை வாய் மூட வைத்துவிட்டு, இந்தக் கூச்சிங் பையனைத் தேடி நான் மாடியேறி வந்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு பாடகன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சாயம் போனதும் கூச்ச சுபாவமுள்ள சின்னப் பையன் முகம். நன்றி சொன்னேன். தொண்டை கட்டிப்போய் அவனால் பேச முடியவில்லை. நெஞ்சில் கையை வைத்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

யாரோ எடுத்த காணொளியில் நான் தெரிந்தேன். அது சுற்றிச் சுற்றிச் சபைக்கு வந்துவிட்டது. பாஸ்டர் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். மகளின் பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஒளிக்க விரும்பாமல், அந்தப் பதில் வராத பாட்டையே அவருக்குப் போட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்தபடி கடைசிவரை கேட்டார். வார்த்தைகளையும் வாங்கிப் படித்தார்.

"வார்த்தையில தப்பு இல்ல பிரதர்," என்றார். "ஆனா இந்தச் சத்தத்துல சமாதானம் இல்லையே."

"எனக்கும் இல்ல பாஸ்டர்."

அவர் கைப்பேசியை மேசையில் வைத்தார். பிறகு என் தலையில் கைவைத்து ஜெபித்தார். கொஞ்ச காலம் ஓய்வெடுங்கள் என்றார். மறுவாரத்திலிருந்து வேறொருவர் பாடல் நடத்தினார். எனக்குப் பாரம் இறங்கியதுபோல்தான் இருந்தது. இத்தனை வருஷம் பாடியது இவ்வளவு சுலபமாகக் கழன்றுபோகுமா என்ற பயம் பிறகுதான் வந்தது.

பாஸ்டர் போனதும் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தனக்கும் போட்டுக் காட்டச் சொன்னாள். இயர்போனை அவள் காதில் வைத்தேன். இதைக் கேட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குப் புரியும், இரண்டு பேரும் ஓரிடத்தில் நின்று அழலாம் என்று ஆசைப்பட்டேன். அவள் முகம் மெல்ல வெளுத்தது. பாதியில் கழற்றிவிட்டாள்.

"இது நான் அன்னைக்கி ஆஸ்பத்திரில கத்துன கத்து," என்றாள். "இதையா நீங்க தினமும் கேக்குறீங்க?"

நான் இயர்போனை எடுத்துச் சுருட்டினேன்.

"அது என் காதுல இருந்து போகணும்னு நான் முழங்கால்ல நிக்கிறேன். நீங்க அத காதுல மாட்டிக்கிட்டுத் திரியுறீங்க."

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. என் வாயிலிருந்து வராத அலறல் என்று நினைத்துத்தான் அந்தப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். அது அவளுடையதாக இருந்திருக்கிறது. அதோடு விட்டுவிடப் பார்த்தேன். வீட்டில் கேட்பதில்லை. ஆனால் சபாக்காரரின் காரிலிருந்து இறங்கி மாடியேறி வரும்போதே என் முகத்தைப் பார்த்து அவள் தெரிந்துகொள்வாள். சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. மெர்சிங்கில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் வருகிறேன் என்றாள். அக்கா படகுத்துறைக்குப் பக்கத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் விற்கிறார், அவருக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றாள். கொஞ்ச நாள் மாதங்களாகிவிட்டது. அதற்கிடையில் சபாக்காரரும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றானபோது ஓட்ட வந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் காரில் நானே அந்தப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு காலை, பெட்ரோல் போட வரிசையில் நிற்கும்போது, அந்த ஆள் கல்லறையில் நின்று அலறிக்கொண்டிருந்தான். நான் வீட்டில் வெங்காயம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை உணர்ந்ததும் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். காது வலித்ததே தவிர உள்ளே எதுவும் அசையவில்லை. வேறு குழுக்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் டிரம்ஸாகவும் கிட்டாராகவும்தான் இருந்தன. ஆலயத்துப் பாட்டு முதலில் செத்தது. இது தாமதமாகச் செத்தது.

போன மாதம் மெர்சிங்குக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் கூடும் சின்னச் சபைக்கு அவள் போகிறாள். படிக்கட்டில் நின்றபோது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. பாடிக்கொண்டிருந்தாள். சத்தம் கம்மிதான், ஆனால் அடி தவறாமல் பாடினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. முடிந்ததும் இறங்கி வந்தாள். துறைமுகச் சுவரில் உட்கார்ந்து தீவுக்குப் போகும் படகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவள்தான் கேட்டாள்.

"ஜெபம் பண்றீங்களா?"

"இல்ல."

"அந்தப் பாட்டு?"

"அதுவும் இப்ப ஒன்னும் செய்யல."

"ஆண்டவர்கிட்ட கோவமாச்சும் இருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெர்சிங் வந்ததிலிருந்து அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. இப்போது கலங்கியது.

"அப்ப நீங்க கத்திக்கிட்டே இருந்திருக்கலாம்," என்றாள்.

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். படகு கண்ணுக்கு எட்டாத தூரம் போகும்வரை அப்படியே இருந்தோம். வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை. அக்கா கடையை எடுத்துவைக்கும் நேரமாகிவிட்டது என்று அவள் எழுந்தாள். நான் கோத்தா திங்கி வழியாகச் செம்பனைகளுக்கு நடுவே திரும்பினேன். வழிநெடுக எந்தப் பாட்டும் போடவில்லை.