ஃபிராஸ்ட் வருவதற்குள் வெட்ட வேண்டிய பூக்கள்

பூ வளர்க்கிறவன் வானிலை பார்ப்பதும் பெண்ணுக்கு ஜாதகம் பார்ப்பதும் ஒன்று. நல்ல வார்த்தை சொல்கிற ஆள் கிடைக்கும்வரை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பான். என் ஃபோனில் ஐந்து வெதர் ஆப் இருக்கின்றன. செடியைக் கருக்கும் உறைபனி, இங்கே சொல்கிற ஃபிராஸ்ட், என்றைக்கு விழும் என்று செப்டம்பர் கடைசியிலிருந்து ஐந்தையும் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். சிரிக்காதீர்கள். கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வரும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டவர்கள், கத்தரிச் செடிக்குப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தியவர்கள், உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நீங்கள் நாலு செடிக்குப் பட்டதை நான் அரை ஏக்கருக்குப் படுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபுல் டைமாவா?

பதினாறு வருஷம் டேட்டாபேஸ் பார்த்தேன். ஒரு நாள் பத்து நிமிஷ மீட்டிங் ஒன்றில் எங்கள் டீம் மொத்தத்தையும் அனுப்பிவிட்டார்கள். கிரீன் கார்டு இருந்தது, மனைவி ஜெயந்திக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை இருந்தது. அடுத்த வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு, நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து இருபது நிமிஷ தூரத்தில் ஃப்ராங்க் என்ற விவசாயியிடம் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தேன். டாலியா, ஜின்னியா, செண்டுமல்லி, கோழிக்கொண்டை போட்டேன். இப்போது மூன்றாவது சீசன். அடுத்த வேலையைத் தேடுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

எங்கள் காலனி கிளப்ஹவுஸில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "நீங்க என்ன பண்றீங்க?" "பூ வளக்கறேன்" என்றேன். "அது சரி, வீட்ல நானும் வளக்கறேன். வேலை?" "அதுதான் வேலை." சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கவலைப்படாதீங்க சார், உங்க ரெஸ்யூமே எனக்கு அனுப்புங்க."

ஒரு பூ, நாலு பேர்

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். எங்கள் பக்கத்தில் அது செண்டுமல்லி. என்னோடு சேர்ந்து பூ வளர்க்கும் சுகந்தி அக்கா யாழ்ப்பாணம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மீதி நாள் என் தோட்டத்தில். அவருக்கு அது செவ்வந்தி. திருநெல்வேலிக்காரர்கள் ஃபோனில் கேந்திப் பூ இருக்கிறதா என்பார்கள். இதையெல்லாம் ஒருவழியாகப் பழகிக்கொண்டேன்.

நவராத்திரிக்கு முந்தின சனிக்கிழமை. சென்னை ஆன்ட்டி ஒருவர் இரண்டு பை சாமந்தி வேண்டுமென்று ஃபோனில் சொல்லியிருந்தார். ஆரஞ்சும் மஞ்சளுமாகச் செண்டுமல்லியைப் பறித்து நிரப்பி வைத்தேன். வந்து பார்த்தவர், "இது சாமந்தி இல்லையேப்பா" என்றார். "இவர் செவ்வந்தி எண்டு சொன்னா நம்பமாட்டார் ஆன்ட்டி" என்று சுகந்தி அக்கா உள்ளே புகுந்தார். "செவ்வந்தியும் இது இல்லைம்மா, சாமந்திதான் செவ்வந்தி." நான் செண்டுமல்லி என்றேன். மல்லி எங்கேயிருந்து வந்தது என்றார் ஆன்ட்டி. மூன்று பேரும் பையைச் சுற்றி நின்று கால் மணி நேரம் வாதாடினோம். காரில் காத்திருந்த ஆன்ட்டியின் மகள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினாள்: "மாம், இட்ஸ் ஜஸ்ட் மேரிகோல்ட். கேன் வி கோ?"

அரிசி கழுவின தண்ணீர்

சனி, ஞாயிறுகளில் வருகிறவர்கள் தாங்களே வெட்டிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு வாளி கொடுத்துப் பாடம் நடத்துவேன். ஜின்னியாவின் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கழுத்து தொய்ந்தால் இன்னும் ஆகவில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம். டாலியா வேறு ஜாதி. மொட்டாக வெட்டினால் வீட்டில் விரியவே விரியாது, செடியிலேயே முக்கால்வாசி விரிந்ததைத்தான் வெட்ட வேண்டும்.

எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு ஆன்ட்டி மட்டும் எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டிவிட்டு, நேராகப் போய் முப்பது டாலியா மொட்டுகளை வெட்டிக்கொண்டு வந்தார். மல்லிகை மொட்டு வாங்கிப் பழகிய கை. கொலுவுக்குள் விரிந்துவிடும் என்றார். விரியாது ஆன்ட்டி என்றேன். அடுத்த சனிக்கிழமை அதே மொட்டுகளை, அதே அளவில், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "உன் பூவுல ஏதோ கோளாறு தம்பி, அரிசி கழுவின தண்ணிகூட ஊத்திப் பாத்துட்டேன்."

பேட்ஜ் போட்டுக்கொண்டு வந்தவர்

வார நாட்களில் தோட்டத்துக்கு யாரும் வருவதில்லை. செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு இளைஞர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, இடுப்பில் ஆபீஸ் பேட்ஜ். பெயர் பிரகாஷ், வயது முப்பத்திரண்டு. இரண்டு மணி நேரம் வரிசை வரிசையாக நடந்துவிட்டு ஒரு கொத்து டாலியா வெட்டிக்கொண்டு போனார். வியாழக்கிழமை மறுபடி வந்தார். அடுத்த வாரமும் வந்தார். வீட்டில் சொன்னதும், அவருக்கு மனைவி மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று ஜெயந்தி என்னை இடித்துக் காட்டினாள்.

ஒரு நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார். வேலை போய்விட்டது. எச்-ஒன் விசா. அறுபது நாளுக்குள் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். மனைவி நித்யாவிடம் சொல்லவில்லை; தினமும் காலையில் பேட்ஜை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். லைப்ரரியில் உட்கார்ந்து அப்ளை பண்ணுகிறார், தலை சுற்றினால் இங்கே வருகிறார்.

அந்தப் பத்து நிமிஷ மீட்டிங் முடிந்து கார் பார்க்கிங்கில் நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எனக்காவது கிரீன் கார்டு இருந்தது. ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு என் கஷ்டத்தைச் சொன்னேன். ஃபிராஸ்ட் எப்போது வரும் என்று தெரியாமல் தினமும் பயந்துகொண்டே எழுந்திருக்கிறேன் என்றேன். பிரகாஷ் டிபன் பாக்ஸை மூடினார். "உங்களுக்குத் தேதி தெரியலைன்னு பயம் அண்ணா. எனக்குத் தேதி தெரியும். இன்னிக்கு இருபத்து மூணாவது நாள்."

ஏர்போர்ட்டும் பள்ளமும்

அக்டோபர் நடுவாரம். சனிக்கிழமை ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா டாக்டர். மணமேடைக்கும் மேஜைகளுக்கும் பவழ நிற டாலியா வேண்டுமென்று ஜூன் மாதமே சொல்லிவைத்திருந்தார். சீசனிலேயே பெரிய ஆர்டர் அது. புதன்கிழமை காலை ஐந்து ஆப்களும், ஏர்போர்ட்டில் அளக்கிற கணக்கை வைத்து, ஒரே குரலில் வியாழன் விடியற்காலை முப்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் என்றன. முப்பத்திரண்டுக்குக் கீழே போனால்தானே உறையும்? நான் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ட்ராக்டரில் வந்த ஃப்ராங்க் வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை, காற்று இல்லை. இன்றைக்கே எல்லாவற்றையும் வெட்டு என்றார். ஃபோனைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "ஃபோன் ஏர்போர்ட்டில் இருக்கிறது. உன் பூ பள்ளத்தில் இருக்கிறது."

டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். சனிக்கிழமை காலையில் வெட்டித் தருவதாகச் சொன்ன பூவை இன்றைக்கே வெட்டுகிறேன், மூன்று நாள் பத்திரமாக வைத்திருந்து தருகிறேன், ஆனால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம் என்று உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சோடு ஒரு குரல்: "முகூர்த்தம் ஐயர்கிட்ட கேட்டு வெச்சேன். ஃபிராஸ்ட்டை யார்கிட்ட கேக்கணும்னு ஒருத்தரும் சொல்லலையே!"

கஸ்டமராக

சுகந்தி அக்கா நைட் டூட்டி முடித்து நேராக வந்துவிட்டார். "என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறீர்? வாளியைக் கொண்டு வாரும், கெதியா வெட்டுவம்." ஆளுக்கு ஒரு வரிசையாக ஆரம்பித்தோம். மத்தியானம் இரண்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் இன்னும் பதினாலு வரிசை மிச்சம். இருட்டுவதற்குள் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணப் பூவை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை விட்டுவிடலாமா என்று யோசித்தபோது வாசலில் பிரகாஷின் கார் வந்து நின்றது.

விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்தார். எனக்குப் பயம். விசா நிலைமை இப்படி இருக்கும்போது என் தோட்டத்தில் வேலை செய்ததாக ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் மேஜையில் இருந்த கத்தரிக்கோலையும் வாளியையும் தானே எடுத்துக்கொண்டு வழக்கமான வார நாள் பாதையில் நடந்தார். ஆறரை மணிக்கு வெளிச்சம் போகும்வரை வளைந்து வளைந்து வெட்டினார். இலைச்சாறு பட்டு வெள்ளைச் சட்டை பச்சையாகிவிட்டது. எண்பது வாளி நிறைந்தது. அவர் வெட்டிய எல்லாவற்றையும் தோட்டத்திலேயே வைத்துவிட்டு, ஒரே ஒரு கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சொன்னார்: "நான் வேலை செய்யலை அண்ணா. கஸ்டமரா வெட்டினேன், பிடிக்காததை விட்டுட்டுப் போறேன்."

ஆழ்ந்த அனுதாபங்கள்

எண்பது வாளியை எங்கே வைப்பது? கராஜ் நிறைந்தது, பேஸ்மென்ட் நிறைந்தது, பாத்டப்பில் டாலியா நின்றது. வீடு சூடாக இருந்தால் பூ சனிக்கிழமை வரை தாங்காது என்று ஹீட்டரை அணைத்தேன். ஜெயந்தி விண்டர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். அவள் அப்படி இழுப்பது நல்ல அறிகுறி இல்லை என்று பதினைந்து வருஷ அனுபவத்தில் தெரியும்.

வியாழக்கிழமை காலை வீட்டிலிருந்தே மீட்டிங். கேமராவில் அவளுக்குப் பின்னால் வெள்ளை ஜின்னியா பதினாறு வாளி. குளிரில் மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் வேறு. கறுப்பு ஜாக்கெட். அவளுடைய மேனேஜர் தன் பேச்சைப் பாதியில் நிறுத்தினாராம். மற்ற பதினோரு பேர் முன்னால் மெதுவாகச் சொன்னாராம்: "ஜெயந்தி, ஐ ஆம் ஸோ ஸாரி ஃபார் யுவர் லாஸ். டேக் ஆல் த டைம் யூ நீட்."

காலரில் ஊர்ந்தது

நான் அப்போது தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஃப்ராங்க் சொன்னது சரி. காற்றில்லாத ராத்திரியில் குளிர் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்குகிறது. மேட்டில் இருந்த புல்லில் வெறும் ஈரம். பள்ளத்தில் எல்லாம் வெள்ளை. வெயில் ஏறினதும் டாலியாச் செடிகள் வெந்த கீரை மாதிரித் தொங்கின. மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டன. பூவை எல்லாம் வெட்டியாயிற்று, நஷ்டம் ஒன்றுமில்லை. இருந்தாலும் ஏப்ரலிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் பிரகாஷ் வந்தார். கூட நித்யா. பேட்ஜ் இல்லை. புதன்கிழமை மாலை அந்தப் பச்சைச் சட்டையோடு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நித்யா கறுத்த வரிசைகளுக்கு நடுவே கடைசி வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். பிரகாஷ் எங்கள் இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சியாக இருந்திருக்குமே என்று நான் நித்யாவிடம் மெதுவாகக் கேட்டேன். டாலியா இதழ்களுக்குள் கறுப்பாக ஒரு பூச்சி ஒளிந்திருக்கும். எவ்வளவு உதறினாலும் ஒன்றிரண்டு வீட்டுக்கு வந்துவிடும். நித்யா சொன்னது இது: "ஏசி ஆபீஸ்ல இருந்து வர்ற மனுஷன் காலர்ல தினம் பூச்சி ஊருது. மூணு வாரமாத் தெரியும்ண்ணா, அவரே சொல்லட்டும்னு இருந்தேன்."

மணமேடையில்

சனிக்கிழமை காலை மண்டபத்துக்குப் பூவைக் கொண்டுபோய் இறக்கினேன். முந்நூறு தண்டில் இருபது மட்டும் தலை தொங்கியிருந்தன. அவற்றைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டோம். டாக்டரம்மா மேடையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அது போதும். நானும் சுகந்தி அக்காவும் ஓரமாக நின்று, மூன்று நாளாகத் தூங்காத கண்ணோடு எங்கள் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவையில் வந்த ஒரு அம்மாள் ஒரு டாலியா இதழைக் கிள்ளிப் பார்த்தார். நாங்கள் யாரென்று தெரியாமல் எங்களிடமே வியந்தார்: "நிஜப் பூவா! நான் பிளாஸ்டிக்குன்னு நெனச்சேன், அவ்ளோ நல்லா இருக்கு."

நவம்பரில் ஒரு ஃபோன்

செடி கறுத்த பிறகும் வேலை இருக்கிறது. டாலியாக் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, மண் உதறி, பேஸ்மென்ட்டில் வைக்க வேண்டும். நவம்பரில் ஒரு நாள் முழங்கால் மண்ணோடு தோண்டிக்கொண்டிருந்தபோது பிரகாஷ் கூப்பிட்டார். ஐம்பத்திரண்டாவது நாள் ஹூஸ்டனில் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது, விசா பேப்பரும் போட்டுவிட்டார்கள் என்று ஏற்கெனவே மெசேஜ் வந்திருந்தது. இப்போது வீடு மாறி, அங்கே இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் அவென்யூவில் சாமான் வாங்கி, பால் காய்ச்சியாயிற்றாம். நித்யா பின்னாலிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஜாக்கெட்கூடத் தேவைப்படவில்லை என்றார் பிரகாஷ். எனக்கு லேசாகப் பொறாமை. "அண்ணா, பக்கத்து வீட்டுல ஜின்னியா இன்னும் பூத்துக்கிட்டே இருக்கு. ஒருத்தரும் வெட்டலை, எனக்குத்தான் கை பரபரங்குது."

ஆறு மாதம் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்ததை ஒரே மத்தியானத்தில் வெட்டித் தள்ளிவிட்டு, அடுத்த வாரமே விதை கேட்டலாக்கைப் புரட்டுகிறவனைத் தொழில் தெரிந்தவன் என்பதா, சொரணை கெட்டவன் என்பதா என்பதை, கறிவேப்பிலைத் தொட்டியை இந்த வருஷமும் தூக்கப்போகிற உங்களிடமே விட்டுவிடுகிறேன்.